அரை விநாடித் தயக்கம்

அரை விநாடிதான். ஆனால் அந்த அரை விநாடிக்குள் ஒரு கல்யாணத்தை நடத்தி, பந்தி பரிமாறி, மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடலாம். அவ்வளவு நீளம். அஸ்தம்பட்டி சிக்னலில் பச்சை விழுந்தது. நான் மிதித்தேன். என் புத்தம் புதிய டொர்னாவி, பழுத்த மிளகாய்ச் சிவப்பில் சேலத்துக்கே ஒரே ஒன்றாக வந்திறங்கிய ஸ்போர்ட்ஸ் கார், அசையாமல் நின்று யோசித்தது.

"குமுதா, பச்சை விழுந்துருச்சு" என்றார் இடப்பக்க சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர்.

"எனக்கும் கண்ணு இருக்குதுங்க. மிதிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

"மிதிச்சா போகோணுமே."

அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே இருபது பேர், வெளியே பத்துப் பேர், கூரைமேல் ஒரு பீரோ. ஓட்டுநர் ஒரு கையால் காது குடைந்துகொண்டிருந்தான். தாண்டும்போது என்னைப் பார்த்து இரக்கப்பட்டான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அப்புறம்தான் டொர்னாவிக்கு ஞானம் பிறந்தது. பாய்ந்த பாய்ச்சலில் என் முதுகு சீட்டுக்குள் புதைந்து டிக்கி வழியாக வெளியே வந்திருக்கும், பெல்ட் காப்பாற்றியது.

நான் குமுதவல்லி. மின்சார அலுவலகத்தில் முப்பது வருஷம் புகார் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். நான் போனை எடுத்து "சொல்லுங்க" என்கிற தொனியிலேயே பாதி வீட்டில் கரண்ட் வந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவைத்தது நான்தான். எழுபதாவது பிறந்த நாளுக்கு எனக்கு நானே இந்த வண்டியைப் பரிசளித்துக்கொண்டேன். என்ன விலை என்று கேட்காதீர்கள். மகளுக்கே பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன், அதற்கே அவள் தண்ணீர் கேட்டாள்.

இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் குழந்தைவேலு. 'வேலு டிரைவிங் ஸ்கூல்' முதலாளி, வாத்தியார், வசவாளர் எல்லாம் அவரே. சேலத்தில் ஸ்டீயரிங் பிடிக்கிற கைகளில் முக்கால்வாசி அவரிடம் திட்டு வாங்கிய கைகள். முப்பத்தைந்து வருஷம் இடப்பக்க சீட்டில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கட்டிய மனைவிக்கு மட்டும் முடியவில்லை. முதல் பாடத்திலேயே நான் நாலு ரோட்டின் நட்டநடுவில் வண்டியை நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற மறுவாரம் அவருடைய பரம எதிரியின் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த அமைதியான வாரத்தை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

அன்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அது குழைந்த குரலில் பேசியது. "இந்த மாதம் உங்கள் தயக்கம்: சிவப்பு. இது தொடர்ந்து இரண்டாவது மாதம். பாதுகாப்பாக இருங்கள்."

இந்த இரண்டாயிரத்து நாற்பத்தாறில் எழுபது வயது ஆனவர்களைப் பரிசோதிக்க ஆபீசர் வருவதில்லை. வண்டியே சாட்சி சொல்கிறது. ஓட்டுபவர் எத்தனை முறை தயங்கினார் என்று எண்ணி மூத்தோர் ஓட்டுநர் வாரியத்துக்கு அனுப்பிவிடும். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு வந்தால் லைசென்ஸ் ரத்து. மறுநாள் உங்கள் வண்டியின் டிரைவர் கதவு உங்களுக்குத் திறக்காது. அப்புறம் ஆயுள் முழுக்க டிரைவர் இல்லாத டாக்சிதான். அதில் ஏறுமுன் போகும் இடத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கே போகிறோம் என்று தெரியாமல் கிளம்புவதற்காகத்தானே நான் கார் ஓட்டவே கற்றுக்கொண்டேன்?

மறுநாள் காலை ஷோரூமில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் வரவேற்பறையில் இலவசக் காப்பிக்கு உட்கார்ந்துவிட்டார். சர்வீஸ் இன்ஜினியர் நிதர்சன் வந்தான். முப்பது வயதாம்; மீசை மட்டும் போன வாரம் பிறந்ததுபோல இருந்தது.

"மேடம், இந்த கியர்பாக்ஸ் அந்தக் காலத்து வண்டி மாதிரி இல்லைங்க. நீங்க மிதிச்சப்புறம் வேலை செய்யறதில்ல. மிதிக்கோணும்னு நெனைச்சாலே பாதத்துல ஒரு இறுக்கம் வருமில்லைங்களா, கீழ விரிச்சிருக்கற பாய் அதைக் கேட்டுரும். நீங்க மிதிக்கறதுக்கு முன்னாடியே கியர் தயாரா நிக்கும்."

"நிக்குது, நிக்குது. அதுதான் புகாரே."

அவன் நெளிந்தான். "அது நிக்கலைங்க மேடம். நீங்க நிக்கறீங்க. போலாமா வேண்டாமான்னு கால்ல ரெண்டு நெனப்பு வந்தா கியர் எதைக் கேக்கும்? காத்திருக்கும். அதைத்தான் தயக்கம்னு எண்ணுது."

"என் கால்ல ரெண்டு நெனப்பா? தம்பி, ஒரு நெனப்பையே நான் முழுசா நெனச்சு முடிக்கறதுக்குள்ள செஞ்சு முடிச்சுருவேன். என்னைப் பத்தி ஊர்ல இருக்கற புகாரே அதுதான்."

அவன் ஓட்டிப் பார்த்தான். வண்டி அம்பாகப் போனது. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் ஓட்டினேன். அவன் மடியிலிருந்த திரையைப் பார்த்தபடியே வந்தான். அப்போதும் அம்புதான். எனக்கு இந்த மாதிரிப் புகார் நன்றாகத் தெரியும். லைன்மேன் ஏணியோடு வந்து நின்றதும், அதுவரை செத்துக் கிடந்த தெருவிளக்கு மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று சிரிக்கும்.

"நல்லாத்தானுங்களே இருக்குது" என்றான். "வயசானவங்களுக்கு நாளுக்கு நாள் மாறும்னு கம்பெனியிலயே சொல்லியிருக்காங்க. இன்னிக்கு உங்களுக்கு நல்ல நாளா இருக்கலாம் மேடம்."

வயசானவங்க. அந்த ஒரு சொல்லுக்கு என் ரத்தம் கொதித்த கொதிப்பில் சேலம் டவுனுக்கு ஒரு வாரம் கரண்ட் கொடுத்திருக்கலாம்.

வீடு திரும்பும் வழியில் அஸ்தம்பட்டி சிக்னல். பச்சை. மிதித்தேன். வண்டி யோசித்தது.

அடுத்த மூன்று வாரம் நான் செய்யாத ஆராய்ச்சி இல்லை. ஷூ போட்டு ஓட்டினேன், வெறுங்காலோடு ஓட்டினேன், பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவி ஓட்டினேன். வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு நாள், பட்டினியாக ஒரு நாள். வண்டியின் நினைவை அழித்து முதலிலிருந்து கற்கவைத்தேன். ஸ்டீயரிங்குக்கு விபூதி பூசி, திருஷ்டிக் கயிறு கட்டி, கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் கூடவே வந்து குட்டையைக் குழப்பினார். திடீரென்று ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டுமேல் தூக்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

"முழங்காலு வலிக்குது. சம்மணம் போட்டுக்கறேன்."

"வெள்ளைத் தோல் சீட்டுங்க அது! கறை பட்டா யாரு துடைக்கறது? காலைக் கீழ போடுங்க."

போட்டார். மறுநாளும் தூக்கப் பார்த்தார். மறுநாளும் அதட்டினேன். வண்டி யோசித்துக்கொண்டே இருந்தது. மாத முடிவு மலைப்பாம்பு மாதிரி நெருங்கியது.

அந்த வாரம்தான் சூரமங்கலம் உழவர் சந்தையில் பிலோமினாவைப் பார்த்தேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் ஆரோக்கியராஜ் போன வருஷம் தவறிப்போனார். அவளும் எழுபதைத் தாண்டியவள்தான், ஒரு சின்ன நீலக் கார் வைத்திருக்கிறாள். எங்கள் ஊரில் ஓடும் பாதி வண்டிகளில் இதே கியர்பாக்ஸ்தான், அவளுடையதிலும்.

"உனக்கு எப்படி பிலோ? பச்சையா, சிவப்பா?"

கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பச்சைதான் குமுதா. இப்ப எல்லா மாசமும் பச்சை."

"இப்பன்னா?"

"அவர் இருந்தப்ப சிவப்பு. ரெண்டு மாசம் தொடர்ந்து. லைசென்ஸ் போயிரும்னு என்னைவிட அவர்தான் பயந்துட்டுக் கெடந்தார். அப்புறம் அவர் போயிட்டார். முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு, கல்லறைக்குப் போலாம்னு வண்டியில ஏறி உக்காந்தேன். ஒரு பாட்டைப் போட்டுச்சு. 'வாழ்த்துகள், உங்கள் ஓட்டும் திறன் சிறப்பாக மேம்பட்டுள்ளது'ன்னுச்சு." கத்தரிக்காயைக் கூடையில் போட்டாள். "கார் கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள போயிட்டேன். அன்னிக்குக் கல்லறைக்குப் போகவே இல்ல."

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவள் சொன்னது அப்படியே இதுதான்.

வீடு திரும்பும்போது தலைக்குள் ஒரு புகார் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் காலை நடைக் கூட்டத்தில் யாருக்கெல்லாம் பச்சை? பிலோமினாவுக்கு. கல்யாணமே செய்துகொள்ளாத சுந்தரேசனுக்கு. பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை முறிந்து பத்து வருஷமான அரிசி மண்டி அங்கமுத்துவுக்கு. யாருக்கெல்லாம் லைசென்ஸ் போனது? கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஜோடியாகவே போய்வருகிற அத்தனை பேருக்கும்.

கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எங்கோ ஒரு லாரி பின்னால் வந்து ஒரு சுவரை நெருங்கியது. தட்! அவருடைய வலது கால் தரையில் ஓங்கி மிதித்தது. லாரி நின்றது. அவர் மூச்சு விட்டார்.

அந்தத் தட் சத்தத்தைக் கல்யாணமான நாள் முதல் கேட்டுக் கேட்டு, அது என் காதில் விழுவதையே நிறுத்தியிருந்தது. மாணவன் கிளட்சை ஒழுங்காக விடுகிறவரை சிக்னலில் தன் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது வாத்தியார் வழக்கம். ஸ்கூலை மூடி எத்தனையோ வருஷமாகியும் பள்ளிக்கூடம் அந்தக் காலில் நடந்துகொண்டுதான் இருந்தது.

"எந்திரிங்க."

"எங்க?"

"வண்டியில வந்து உக்காருங்க. சம்மணம் போட்டு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வெள்ளைத் தோலு?"

"அது கெடக்குது. காலைத் தூக்கி மேல வையுங்க."

கோரிமேடு தாண்டி நேர் ரோட்டில் மிதித்தேன். நம்பினால் நம்புங்கள், டொர்னாவி போன வேகத்தில் எங்கள் நிழல் பின்தங்கிவிட்டது. ஏற்காடு அடிவாரத்தில் ஓரம் கட்டிக் காத்திருந்தோம். நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"இப்பக் காலைக் கீழ போடுங்க."

கிளப்பினேன். வண்டி நின்று யோசித்தது.

"தூக்குங்க."

பறந்தது.

"கீழ."

யோசித்தது.

நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ரோட்டோரக் குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மரமேறின. "என் கால்ல ரெண்டு நெனப்பு இல்லீங்க! ஒண்ணு என்னுது, ஒண்ணு உங்களுது!"

அவர் மட்டும் சிரிக்கவில்லை. சீட்டில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து தன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நிதர்சன் பாயைக் கழற்றித் தூக்கிப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"வெளிநாட்டுல ஸ்டீயரிங் இடப்பக்கம் மேடம். நம்மூருக்காக வலப்பக்கம் மாத்தினப்போ, பாயை ரெண்டு பக்கத்துக்கும் ஒரே துண்டா விரிச்சுட்டாங்க. இடப்பக்கத்தைக் கேக்காதேன்னு கியர்பாக்ஸுக்கு யாரும் சொல்லவே இல்ல."

"அப்புறம் எப்படி உங்க வயசுப் பசங்களுக்கு மட்டும் ஒழுங்கா ஓடுது?"

"நாங்க டிரைவர் இல்லாத டாக்சியில வளந்தவங்க. பக்கத்துல உக்காந்தா கால் சும்மாதான் கெடக்கும். பிரேக் மிதிக்கோணும்னு தோணவே தோணாதுங்க." திடீரென்று அவனே நிறுத்தினான். "மேடம்… அப்ப இதுவரைக்கும் லைசென்ஸ் ரத்தானவங்க எல்லாரும்?"

"தயங்கலை தம்பி. துணையோட போனாங்க. அவ்வளவுதான்."

அவன் கம்பெனிக்குப் போன் போட்டான். அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "உங்க வண்டியில மட்டும் இப்பவே இடப்பக்கத்தை அடைச்சுத் தர்றாங்களாம். ரெண்டு மாசச் சிவப்பையும் அழிச்சுருவாங்களாம். வெளிய பேச வேண்டாம்னு கேட்டுக்கறாங்க."

சரி என்று தலையாட்டினால் போதும், அன்று சாயங்காலமே பச்சை. நான் ஒன்றும் தியாகச் சுடர் இல்லை. ஆட்டத்தான் கழுத்தைத் தயார் செய்தேன். ஆனால் பிலோமினா தன் நீலக் காரின் கதவைச் சாத்திய சத்தம் மனசுக்குள் கேட்டது.

"என் வண்டி மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். "இதுதான் சாட்சி. பாயை இருந்த மாதிரியே விரிச்சுரு."

"மாசம் முடிய நாலஞ்சு நாள்தான் மேடம் இருக்குது. வாரியம் ஒத்துக்கலைன்னா உங்க லைசென்ஸ் போயிரும்."

"போனா போகட்டும். ஷேர் ஆட்டோல கூரை மேல இடம் இருக்குது."

அவன் பாயை விரித்தான். விரித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னான். "மேல்முறையீடு கேளுங்க. நேர்ல வந்து பாக்கோணும்னு எழுதுங்க. வாரியத்துலருந்து நஸ்ரீன் மேடம்தான் வருவாங்க. கறாரானவங்க, ஆனா கண்ணால பாத்ததை மறைக்க மாட்டாங்க. நான் வேணா கூட வந்து பாயைப் பத்திச் சொல்றேன்."

"உன் வேலை?"

"பாத்துக்கலாம்" என்று அந்தப் புது மீசையைத் தடவிக்கொண்டான். முதல்முறையாக அது அவனுக்குப் பொருந்தியது.

மாதத்தின் கடைசி நாள். ஏற்காடு அடிவாரம். நஸ்ரீன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிரிப்புக்கு இடமே ஒதுக்காமல் கட்டிய அரசாங்கக் கட்டடம் மாதிரி ஒரு முகம். நிதர்சன் சொன்னதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். டொர்னாவியின் பின்சீட்டில் ஒரு பூனை உட்காரலாம், அவர் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் சம்மணம். நிதர்சன் கைகாட்டி மரத்தடியில் நின்றான்.

அன்று நான் ஓட்டியதைப் பற்றி அடக்கமாகச் சொல்கிறேன். முதல் ஐந்து கொண்டை ஊசி வளைவுகளை வண்டி வளைந்து போகவில்லை. மலைதான் விலகி வழிவிட்டது. ஆறாவதில் "கீழ" என்றேன். அவர் காலைப் போட்டார். வண்டி மேட்டில் நின்று யோசித்தது. "மேல" என்றேன், பறந்தது. இப்படியே பத்தாவது வளைவுவரை சுவிட்ச் போட்டு அணைப்பது மாதிரி காட்டினேன். ஓரமாக நிறுத்தி, பெருமையோடு கண்ணாடியில் பார்த்தேன்.

கட்டடம் அசையவில்லை. "நல்லாப் பயிற்சி பண்ணிட்டு வந்திருக்கீங்கம்மா."

"என்னது?"

"அவர் காலைத் தூக்கறப்ப நல்லா ஓட்டறீங்க. எறக்கறப்ப வேணும்னே தயங்கறீங்க. அப்படி இல்லைன்னு நான் எதை வச்சு நம்பறது? நாளைக்கு எல்லாருமே இதையே வந்து சொல்வாங்க."

நியாயமான கேள்வி. என் வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. நாற்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் இது இரண்டாவது முறை என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு கணக்குச் சொன்னார். அப்போது அவர்தான் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அம்மணி, நீங்க முன்னால வாங்க. நான் அந்தப் பூனைச் சீட்டுல உக்காந்துக்கறேன்."

நஸ்ரீன் இறங்கி முன்னால் வந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். "நான் காலை அசைக்கவே போறதில்ல. இப்பத் தயங்குச்சுன்னா அது உங்க தயக்கம். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். அவர் உண்மையிலேயே காலை அசைக்காவிட்டால் என் கதை அந்த மலையிலேயே முடிந்தது.

பதினோராவது வளைவு. வண்டி சிட்டாகத் திரும்பியது. பன்னிரண்டு. பதின்மூன்று. கண்ணாடியில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பதினான்காவது வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் முழு ரோட்டையும் தன் சொந்த நிலம் மாதிரி பிடித்துக்கொண்டு இறங்கியது. அதற்கும் பாறைக்கும் நடுவே எனக்கு இடம் இருந்தது, நன்றாகவே இருந்தது. மிதித்தேன்.

வண்டி நின்று யோசித்தது.

பஸ் உரசாமல் இறங்கிப் போனது. மலை அமைதியானது. நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

"மேடம், கீழ பாருங்க."

பார்த்தார். அவருடைய வலது கால் பாயில் ஆணி அடித்த மாதிரி ஊன்றியிருந்தது. கட்டைவிரல் மடங்கி, கெண்டைக்கால் இறுகி. அவர் காலை எடுக்கப் பார்த்தார், உடனே வரவில்லை.

"இது என் தயக்கமா மேடம், உங்க தயக்கமா?"

அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் காலைப் பாயிலிருந்து எடுத்தார். "இருபது வருஷமா டெஸ்ட்டுக்கு வர்றவங்க பக்கத்துல இந்த சீட்டுலதான் உக்காந்தேன்" என்றார். குரல் வேறாக இருந்தது. "போன மாசம் என்னைப் பெத்த அத்தாவோட லைசென்ஸ் என் கையெழுத்துலதான் ரத்தாச்சு. 'நான் தயங்கலைம்மா'ன்னு சொல்லிட்டே இருந்தார். வயசாச்சு அத்தா, ஒத்துக்கோங்கன்னேன். அவர் எங்க போனாலும் எங்கம்மா பக்கத்துல உக்காந்துதான் போவாங்க."

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். பத்து நாளில் வாரியம் எல்லா ரத்தையும் திரும்பப் பெற்றது. கம்பெனி இடப்பக்கத்துக் காதை அடைக்கும் திருத்தத்தை எல்லா வண்டிக்கும் காற்றிலேயே அனுப்பியது. வேலை போகுமென்று பயந்த நிதர்சனைத்தான் கடைசியில் இந்தத் திருத்தத்துக்கே பொறுப்பாளராகப் போட்டார்கள். வேறு யாருக்கும் அந்தப் பாயைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோட்டில் கிழவர்களும் கிழவிகளும் ஜோடி ஜோடியாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஹாரன் அடித்தார்கள் பாருங்கள், மேட்டூர் அணையில் தண்ணீர் ஒரு அடி எழும்பி இறங்கியது. நஸ்ரீனின் அத்தா ஒரு பழைய பச்சைக் காரில் வந்தார். பக்கத்தில் அவர் மனைவி, இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தபடி. பிலோமினாவும் நீலக் காரில் தனியாக வந்தாள். திருத்தம் ஏறியதும் பழைய கணக்கையெல்லாம் வண்டிகள் மறுபடி கூட்டிப் பார்த்தனவாம்.

"ரெண்டு மாசச் சிவப்பையும் அடிச்சுட்டு, 'அப்போதும் நீங்கள் நன்றாகத்தான் ஓட்டினீர்கள்'ன்னுச்சு" என்றாள். "இப்ப நேரா கல்லறைக்குத்தான் போறேன். அவர்கிட்டச் சொல்லணும்."

போகும்போது அவள் அடித்த ஹாரன்தான் அன்று எல்லாவற்றையும்விடப் பெரியது.

இவ்வளவுதான் வெற்றிக் கதை. மீதி, மறுநாள் காலை நடந்தது.

நானும் அவரும் ஏற்காட்டுக்குப் போய் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். திருத்தம் ஏறும்போது வண்டி என்னிடம் 'இடப்பக்கம் கேட்கட்டுமா? கேட்டாலும் தயக்கக் கணக்கில் சேராது' என்று கேட்டிருந்தது. 'வேண்டாம்' என்பதை விரல் நோக அழுத்தியிருந்தேன். இறங்கும்போது ஒரு வளைவில் தட் என்று சத்தம். வண்டி கண்டுகொள்ளவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த வளைவில் கொஞ்சம் மெதுவாக, தட். அதற்கடுத்த வளைவில் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க. நான் புகார் கேட்டே சம்பளம் வாங்கினவ."

கொஞ்சதூரம் போன பிறகு சொன்னார். "எனக்கு மொத வாரமே தெரியும் குமுதா."

"என்ன தெரியும்?"

"நான் மிதிச்சா நிக்குதுன்னு. ஸ்கூலை மூடினதுலருந்து என் காலுக்குக் கீழ வெறுந்தரைதான். மிதிச்சா ஒண்ணும் ஆகாது. இந்த வண்டி கேட்டுச்சு. சொன்னா அடைச்சுருவியே… அதான் சொல்லல."

"என் லைசென்ஸ் போகப் பாத்ததே, மனுசா!"

"அதுக்குத்தான் காலைத் தூக்கி மேல வச்சேன். ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு. நீதான் வெள்ளைத் தோலு, வெள்ளைத் தோலுன்னு கீழ போட வச்சே."

வண்டியை ஓரங்கட்டிவிட்டு நான் கத்தினேனா, சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று வாரம் விளக்கெண்ணெய் தடவி நான் தேடிய விடை என் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நான்தான் அதட்டிக் கீழே இறக்கியிருக்கிறேன்.

கோரிமேடு வந்தது. ரோடு அகலம், காலை வெயில், கூட்டம் இல்லை. திரையைத் தொட்டுத் தேடி எடுத்தேன். 'இடப்பக்கம் கேட்கட்டுமா?' 'கேட்கட்டும்' என்பதை அழுத்தினேன். அவருக்குத் தெரியாமல்தான் அழுத்தினேன்.

அஸ்தம்பட்டி சிக்னலில் பச்சை விழுந்தது. மிதித்தேன். பக்கத்தில் தட் என்று ஒரு சத்தம். டொர்னாவி நின்று யோசித்தது. என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ஷேர் ஆட்டோ ஒன்று, கூரைமேல் இந்த முறை இரண்டு பீரோவோடு, எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் திரும்பி இரக்கத்தோடு பார்த்தான். நான் அவனுக்குக் கை அசைத்து டாட்டா காட்டினேன்.

அரை விநாடிதானே. வைத்துக்கொள்ளட்டும்.